இரைச்சலா? முறையீடா?



சென்ற மாதம் ஆராதனை முடிந்த பின் ஒரு தாயார் என்னிடம் வந்து நின்றார். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் தம் மகன் எந்நேரமும் ராப் பாட்டு கேட்பதாகவும், பள்ளியில் எல்லா மதத்துப் பிள்ளைகளோடும் சேர்ந்து திரிவதாகவும் சொல்லி, "ஐயா, பையன் கைவிட்டுப் போயிருவானோன்னு பயமாயிருக்கு. நீங்க கூப்பிட்டுக் கண்டிக்கணும்" என்று கண்கலங்கினார். அவனுக்காக அங்கேயே ஜெபித்தேன். ஆனால் கண்டிக்கிறேன் என்று அவருக்கு வாக்குக் கொடுக்க என் நாவு எழவில்லை. அதே பயத்தில் நான் செய்த ஒரு காரியம் என் நினைவுக்கு வந்தது. பிரசங்க பீடத்தில் ஒருநாளும் சொல்லாத அந்தச் சம்பவத்தை இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். என் மகனின் சம்மதத்தைப் பெற்றே இதை எழுதுகிறேன்.

எட்டாம் வகுப்பின் வாசல்

வேதாகமக் கல்லூரிப் படிப்பை முடித்து, 1996-ஆம் ஆண்டு நான் ஊழியத்திற்காக மும்பை வந்தேன். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காக 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தமிழர் வந்து குடியேறிய தாராவியில் எங்களுக்கு ஓர் அறை வீடு கிடைத்தது. அக்காலத்து மூத்த விசுவாசிகள், 1960-களின் இறுதியில் தென்னிந்தியருக்கு எதிராக இந்நகரில் எழுந்த கலகத்தை நேரில் கண்டவர்கள். "தம்பி, யாரோடும் அதிகம் ஒட்ட வேண்டாம், நம் ஜனங்களோடு இருந்துகொள்ளுங்கள்" என்பது அவர்கள் எனக்குச் சொன்ன முதல் புத்திமதி. அவர்கள் பட்ட பாடு அப்படிச் சொல்ல வைத்தது. நானும் அதைப் பற்றிக்கொண்டேன். வீடு, சபை, தமிழ்க் கடை, தமிழ்ப் பள்ளி என்ற நான்கு சுவர்களுக்குள் என் பிள்ளைகளை வளர்த்தேன்.

மும்பை மாநகராட்சிப் பள்ளிகள் எட்டு மொழிகளில் பாடம் நடத்துவதை நீங்கள் அறிவீர்கள். தமிழும் அவற்றில் ஒன்று. என் மகன் ஏழாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தான். 2011-ஆம் ஆண்டு ஜூன் மாதம் எட்டாம் வகுப்புக்காக ஆங்கில வழி உயர்நிலைப் பள்ளி ஒன்றில் சேர்த்தோம். அந்த வகுப்பறையில் மராத்தியர், குஜராத்தியர், ரத்னகிரிப் பக்கத்து இஸ்லாமியர், உத்தரப் பிரதேசத்துத் தச்சரின் பிள்ளை, பௌத்தக் குடும்பத்துப் பிள்ளைகள், மலையாளிகள், தெலுங்கர் எல்லாரும் ஒரே பெஞ்சில் தோளுரசி அமர்ந்திருந்தார்கள். முதல் மாதம் முழுவதும் என் மகன் வாய் திறக்கவே இல்லை. அவனை எல்லாரும் 'அண்ணா' என்று அழைத்தார்கள். நம்மிடையே மரியாதைச் சொல்லான அது, இந்நகரில் தென்னிந்தியரைக் கேலி செய்யும் சொல்லாகவும் வழங்குகிறது. ஆங்கிலமும் சரளமாக வராது. இந்தியில் பேசினால் உச்சரிப்பைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

அவன் வாயைத் திறந்து வைத்தது ராப். மதிய இடைவேளையில் ஒருவன் பெஞ்சைத் தட்டித் தாளம் போடுவான்; மற்றவர்கள் முறைவைத்து எதுகை சேர்த்து வேகமாகச் சொல்லிக்கொண்டு போவார்கள். ஒருநாள் இவன் முறை வந்தபோது இந்தி வார்த்தை கிடைக்காமல் தமிழிலேயே கொட்டிவிட்டான். வகுப்பு ஒரு கணம் திகைத்து, பிறகு இன்னும் பலமாகத் தட்டியதாம். "இன்னொரு தடவை சொல், இதற்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டார்களாம். தன் மொழிக்கு அர்த்தம் கேட்டவர்களை அவன் அன்றுதான் முதன்முதலாகச் சந்தித்தான். பிறகு இவனும் அவர்களிடம் அர்த்தம் கேட்கத் தொடங்கினான். 'பையா' என்ற சொல்லும் உத்தரப் பிரதேசத்துப் பையனை அதே விதமாகக் குத்துகிறது என்பதையும், சில வீடுகளில் பௌத்தத் தோழனுக்குத் தண்ணீர் கொடுக்கத் தனித் தம்ளர் எடுக்கிறார்கள் என்பதையும் அங்கேதான் அறிந்தான். கேலிக்கு உள்ளானவன் தான் ஒருவனே என்ற கசப்பு அவனை விட்டு நீங்கியது.

இவற்றில் ஒன்றுகூட அன்று எனக்குத் தெரியாது.

நான் உடைத்த மெமரி கார்டு

2013-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் ஓர் இரவு. பத்தாம் வகுப்பில் இருந்த மகன் பாடப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, காதில் இயர்போனோடு தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். வாங்கி என் காதில் வைத்தேன். முதல் அரை நிமிடத்திலேயே இரண்டு கெட்ட வார்த்தைகள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. போதகரின் வீட்டில் இப்படியா என்ற ஆத்திரம் தலைக்கேறியது. கைப்பேசியின் பின்புறத்தைக் கழற்றி, மெமரி கார்டை எடுத்து, அவன் கண்முன்னே இரண்டாக ஒடித்துப் போட்டேன். அவன் அழவில்லை. "அப்பா, அது என்னோடது இல்லை" என்று மட்டும் சொன்னான்.

அது அவனுடைய இஸ்லாமியத் தோழனுடையது. ஆட்டோ ஓட்டுநரின் பிள்ளை. பண்டிகைக்குக் கிடைத்த பணத்தைச் சேர்த்து வாங்கிய கார்டு அது. மறுநாள் மாலை அந்தப் பையனை வீட்டுக்கு அழைத்துவரச் சொன்னேன். அவனிடம் முந்நூறு ரூபாயை நீட்டி, எனக்குத் தெரிந்த இந்தியில் மன்னிப்புக் கேட்டேன். பதினைந்து வயதுப் பையனிடம், அதுவும் வேற்று மார்க்கத்துப் பிள்ளையிடம் தலைகுனிந்து நிற்பது எனக்கு எளிதாக இருக்கவில்லை. அவனோ சிரித்துக்கொண்டு, "அங்கிள், போன வருஷம் எங்க அப்பாவும் இப்படித்தான் ஒன்றை உடைத்தார்" என்றான். அவனுடைய தகப்பனாரும் தம் மார்க்கத்தில் மிகுந்த பக்தியுள்ளவராம். ஒரே மாதிரியான பயம் இரண்டு வீடுகளிலும் குடியிருந்திருக்கிறது. இரு தகப்பன்மாரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை.

அன்று இரவு பிள்ளைகள் தூங்கிய பின் என் மனைவி ஒரு கணக்கு நோட்டை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள். "இதையும் கிழிக்கிறதுக்கு முன்னாடி ஒருதரம் வாசிச்சுப் பாருங்க" என்றாள்.

நோட்டின் கடைசிப் பக்கங்கள்

முன்பக்கங்களில் அல்ஜீப்ரா, பின்பக்கங்களில் தமிழும் இந்தியும் ஆங்கிலமும் கலந்து என் மகன் எழுதிய ராப் வரிகள். விடியற்காலை நான்கு மணிக்குக் குழாயடியில் அம்மா நிற்பதைப் பற்றி எழுதியிருந்தான். மழைநாளில் சாக்கடை வீட்டுப்படியைத் தாண்டுவதை எழுதியிருந்தான். 'அண்ணா' என்று கேலி செய்த பையன், தன் சோற்றுப் பாத்திரத்தை இவன் பக்கம் நகர்த்திய நாளை எழுதியிருந்தான். கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லை.

ஒரு பக்கத்தில் என்னைப் பற்றியும் இருந்தது. என் அப்பா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அயலானை நேசிக்கச் சொல்கிறார். சுவருக்கு அந்தப் பக்கம் இருமுகிறவரின் பெயர் அப்பாவுக்குத் தெரியாது என்ற பொருளில் இரண்டு வரிகள். நான் நோட்டை மூடினேன். நல்ல சமாரியன் உவமையை எத்தனை முறை பிரசங்கித்திருப்பேன் என்று எண்ணிப் பார்க்க முயன்றேன். அந்த வீட்டுச் சுவர் ஒற்றைச் செங்கல் கனம். பதினேழு ஆண்டுகள் அவருடைய இருமலைக் கேட்டிருக்கிறேன். அவர் பெயரைக் கேட்டதில்லை.

மறுநாள் காலையில் போய்க் கதவைத் தட்டினேன். அவர் சாத்தாரா மாவட்டத்து மராத்தியர். பஞ்சாலைத் தொழிலாளி. 1982 ஜனவரியில் தொடங்கிய மாபெரும் ஆலை வேலைநிறுத்தத்தில் வேலையிழந்து, அதற்குப் பின் கிடைத்த கூலி வேலைகளைச் செய்து பிள்ளைகளைக் கரையேற்றியவர். பிழைப்பைத் தேடி இந்நகரத்துக்கு வந்த என்னைப் போலவே அவரும் கிராமத்தை விட்டு வந்தவர்தான். தேநீர் கொடுத்தார். என் மகனை அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

அந்தப் பாட்டு பிறந்த இடம்

வாசிக்காமல் ஒரு காரியத்தைக் கண்டிக்கக் கூடாது என்பது கல்லூரியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். அதை நான் மறந்திருந்தேன். எனவே ராப் எங்கிருந்து வந்தது என்று தேடி வாசிக்கலானேன்.

நியூயார்க் மாநகரின் பிராங்ஸ் பகுதியில் பெருஞ்சாலை போடுவதற்காக ஆயிரக்கணக்கான ஏழைகளின் வீடுகள் இடிக்கப்பட்டன. 1970-களில் தெருத் தெருவாகக் கட்டடங்கள் எரிந்தன, வேலையில்லை, பள்ளிகளில் இசை வகுப்புக்கும் காசில்லை. அங்கே ஜமைக்காத் தீவிலிருந்து 1967-ஆம் ஆண்டு, பன்னிரண்டு வயதில், பெற்றோரோடு குடியேறியவர் கிளைவ் கேம்பெல். உயர்நிலைப் பள்ளியில் உடன் படித்தவர்கள் அவருடைய உடற்கட்டைப் பார்த்து ஹெர்குலிஸ் என்று அழைத்தார்கள். அதிலிருந்து டிஜே கூல் ஹெர்க் என்ற பெயர் வந்தது. 1973 ஆகஸ்ட் 11 அன்று, பள்ளி திறக்குமுன் புதுத் துணி வாங்கப் பணம் சேர்ப்பதற்காக அவருடைய சகோதரி தங்கள் குடியிருப்பின் பொதுக்கூடத்தில் ஒரு விருந்து ஏற்பாடு செய்தார். அதில் இவர் இரண்டு இசைத்தட்டுகளைச் சுழலவிட்டு, பாட்டின் நடுவே வெறும் தாளம் மட்டும் ஒலிக்கும் இடத்தைத் திரும்பத் திரும்ப நீட்டினார். அந்தத் தாளத்தின் மேல் பேசத் தொடங்கியதுதான் ராப். குடிபெயர்ந்து வந்த ஒரு பிள்ளையின் கையில் பிறந்தது அது.

1982-இல் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் குழுவினர் அந்தத் தெருக்களின் அவலத்தை அப்படியே பாடலாக்கினர். ஆட்டத்திற்கு உதவும் இசை என்று இருந்தது, அதன்பின் ஏழைத் தெருவின் செய்தித்தாளாகவும் ஆயிற்று. 2018-ஆம் ஆண்டு கென்ட்ரிக் லமார் என்ற ராப் கலைஞருக்கு இசைக்கான புலிட்சர் பரிசு வழங்கப்பட்டது. மேற்கத்தியச் செவ்விசைக்கும் ஜாஸுக்கும் வெளியே அப்பரிசு சென்றது அதுவே முதல் முறை.

இதை வாசித்தபோது, நம் சரித்திரமே எனக்கு நினைவு வந்தது. 1906-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் அசூசா தெருவில் எழுப்புதல் உண்டானபோது அதை நடத்தியவர் வில்லியம் சீமோர். அடிமைகளாயிருந்து விடுதலை பெற்ற பெற்றோரின் மகன். கறுப்பரென்பதால் வேதபாட வகுப்பில் வெள்ளையரோடு உட்கார அனுமதியின்றி, கதவுக்கு வெளியே அமர்ந்து கேட்டவர். நிறம் பாராமல் பலரும் கூடி ஆராதித்த அந்தக் கூட்டத்தை அவ்வூர் நாளேடு விபரீதமான இரைச்சலென்று பரிகசித்தது. இன்றும் மும்பையில் நம் ஆராதனையைக் கேட்டு, "என்ன இந்தச் சத்தம்?" என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. உள்ளே வந்து அர்த்தம் கேட்டால் தெரியும் என்று நாம் அவர்களுக்குச் சொல்கிறோம். அந்த நியாயத்தை என் மகனின் பாட்டுக்கு நான் காட்டவில்லை.

சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முறையீடுகளே என்று வேத அறிஞர் கணக்கிடுவர். 88-ஆம் சங்கீதம் ஆறுதல் வார்த்தை ஒன்றுகூட இல்லாமல் இருளிலேயே முடிகிறது. இருந்தும் அது பரிசுத்த வேதாகமத்தில் இருக்கிறது. முறையிடுகிறவனைத் தேவன் வாயடைப்பதில்லை.

நம் சந்துகளில் எழுந்த குரல்

என் மகன் நோட்டில் எழுதிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் இந்நகரமும் தன் சொந்த ராப்பைக் கண்டுகொண்டிருந்தது. அந்தேரிப் பகுதியில் வளர்ந்த கிறிஸ்தவ இளைஞர் விவியன் ஃபெர்னாண்டஸ், பள்ளித் தோழன் அணிந்து வந்த சட்டையில் அமெரிக்க ராப் பாடகர் ஒருவரின் படத்தைக் கண்டு விசாரித்து, அத்தோழன் கொடுத்த குறுந்தகட்டின் வழியே இக்கலையை அறிந்தவர். டிவைன் என்ற பெயரில் ஆரம்ப நாட்களில் விசுவாசத்தைப் பற்றிய ராப் பாடல்களையே பாடினார். பின்பு 2013 முதல் இந்தியில் தன் தெருவைப் பாடினார். குர்லாவின் நேசி 2014-இல் வெளியிட்ட பாடல் பிள்ளைகளின் கைப்பேசிகளில் பரவியது. இவ்விருவரின் வாழ்க்கை 2019-இல் வெளிவந்த 'கல்லி பாய்' திரைப்படத்துக்கு வித்தானது. அதற்கு முந்தின ஆண்டு வந்த 'காலா' படத்தில் தாராவி இளைஞர்களே தமிழில் ராப் பாடினார்கள்.

தமிழ் ராப்புக்கு வயது அதைவிட அதிகம். மலேசியாவில் யோகி பி - நட்சத்ரா குழுவினர் 2006-லேயே 'வல்லவன்' என்ற இசைத்தொகுப்பை வெளியிட்டனர். அரக்கோணத்தைச் சேர்ந்த அறிவு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தாயகம் திரும்பிய தம் பாட்டியை நினைத்து எழுதிய பாடல் 2021-இல் உலகெங்கும் கேட்கப்பட்டது. ஊர் விட்டு ஊர் வந்த பாட்டிமார் நம் சபைகளிலும் உண்டு. அவர்களுடைய கதையை நம் பிள்ளைகள் கேட்டிருக்கிறார்களா?

சலித்தெடுக்க வேண்டியவை

இப்படி எழுதுவதால் ராப் பாட்டெல்லாம் நல்லதென்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். அதில் பெண்களை இழிவாகப் பேசும் பாடல்கள் ஏராளம். போதைப்பொருளையும் துப்பாக்கியையும் பெருமையாகக் காட்டுபவையும் உண்டு. டூபாக் ஷக்கூர் பால்டிமோர் நகரின் கலைப்பள்ளியில் கவிதையும் நாடகமும் நடனமும் கற்று, பலதரப்பட்ட பிள்ளைகளோடு வளர்ந்து மலர்ந்தவர். அவரே 1996-இல் இருபத்தைந்து வயதில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆறு மாதம் கழித்து, 1997 மார்ச்சில், அவருக்குப் போட்டியாகக் கருதப்பட்ட நடோரியஸ் பி.ஐ.ஜி. என்ற பாடகரும் இருபத்துநான்கு வயதில் அவ்விதமே மாண்டார். அந்த வீணான சாவுகளைப் பற்றி என் மகனோடு நான் பேசியிருக்கிறேன். தாயையும் சகோதரியையும் முன்னால் வைத்துக்கொண்டு கேட்க முடியாத பாட்டை ஏன் கேட்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறேன். சிலவற்றை அவனே நீக்கிவிட்டான். சிலவற்றுக்காக என்னோடு வாதாடினான். அந்த வாதங்கள் எங்களை நெருக்கமாக்கின. கார்டை ஒடித்த இரவில் அவன் என்னோடு ஒரு வார்த்தையும் வாதாடவில்லை என்பதைக் கவனியுங்கள். அந்த மௌனம்தான் ஆபத்தானது.

பெற்றோரே, உங்கள் பிள்ளையின் பாட்டு உங்களைத் துணுக்குறச் செய்தால், முதலில் பக்கத்தில் உட்கார்ந்து அர்த்தம் கேளுங்கள். முழுப் பாட்டையும் கேளுங்கள். எந்த வரி உண்மை, எந்த வரி பொய் என்று அவன் வாயாலேயே சொல்ல வையுங்கள். அவனோடு ஒரே பெஞ்சில் இருப்பவர்களின் பெயரைக் கேளுங்கள். அவர்களை வீட்டுக்கு அழைத்து ஒருவேளை சோறு போடுங்கள். பிள்ளை தவறான வழியில் போகிறானா என்பது அப்போது உங்களுக்கே விளங்கும். தூரத்தில் நின்று பயப்படுவதால் விளங்காது. கண்டிக்க வேண்டியிருந்தால், கேட்டு முடித்த பின் கண்டியுங்கள். கேட்காதவனின் கண்டிப்பு பிள்ளையின் காதில் வெறும் சத்தமாகவே விழும்.

என் மகன் ராப் பாடகனாகவில்லை. இன்று ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறான், வாலிபர் கூட்டத்தில் கீபோர்டு வாசிக்கிறான், இன்னும் எழுதுகிறான். முந்நூறு ரூபாயை வாங்க மறுத்த அந்தத் தோழன் எங்கள் வீட்டில் இப்போதும் உரிமையோடு பானையைத் திறந்து பார்ப்பான். 2020 ஏப்ரலில் ஊரடங்கின்போது எங்கள் வீட்டில் சமையல் வாயு தீர்ந்துபோயிற்று. வெளியே போக வழியில்லை. சுவரைத் தட்டி, சாத்தாராக்காரரைப் பெயர் சொல்லி அழைத்தேன். அவர் தம் வீட்டுச் சிலிண்டரைத் தாமே உருட்டிக்கொண்டு வந்தார். "உங்களுக்கு?" என்று கேட்டேன். "இன்றைக்கு இங்கே சேர்ந்து சமைப்போம்" என்றார். அப்படியே பதினொரு நாள் ஒரே அடுப்பில் இரண்டு வீட்டுக்கும் சோறு வெந்தது.

அந்தக் கணக்கு நோட்டு இன்னும் என் மேசையில், பிரசங்கக் குறிப்புகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்தத் தாயாரிடம் அடுத்த ஞாயிறு மகனை அழைத்துவரச் சொல்லியிருக்கிறேன். அவன் கேட்கும் பாட்டை எனக்கும் போட்டுக் காட்டச் சொல்லப் போகிறேன். எனக்குப் பொறுமை வேண்டுமென்று ஜெபித்துக்கொள்ளுங்கள்.

கர்த்தர் உங்கள் இல்லத்தையும், உங்கள் சுவருக்கு அப்பால் இருக்கும் இல்லத்தையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.